தந்தையின் தொழில்

மாவட்ட அதிகாரி துராமானே
போன ஆண்டு தினையறுப்புக்கு முன்னால்
மருத்துவ விடுப்பு எழுதிவைத்துவிட்டுத்
தலைநகரம் போனார்.
இன்னும் அவருக்குக் காய்ச்சல் விடவில்லை.
சம்பளம் மட்டும் மாதாமாதம் எழுந்து நடமாடுகிறது.

முத்திரை என்னிடம்.
ரப்பர் தேய்ந்து
குடியரசின் முதல் இரண்டெழுத்து விழுவதில்லை.
மை தீர்ந்தால் விளக்குக்கரியும் கோந்தும்.
பிறப்புப் பதிவேடுகள் ஆறும்
கருவாட்டுச் சாக்கின் அடியில்.
தேடி வரும் கைக்கு நாற்றம் ஒரு காவல்.

நைஜர் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ராணுவச் சாவடி.
பன்னிரண்டு பேர், மணல் மூட்டை, ஒரு கொடி.
மாலை ஆறு மணிக்குக் கதவடைத்தால்
நாடு அந்தச் சுவருக்குள் படுத்துவிடும்.
மிச்ச மாவட்டம் வெளியே,
எங்களோடு.

வியாழன் சந்தையில்
மோட்டார் சைக்கிள்காரர்கள் வழக்குக் கேட்கிறார்கள்.
கும்பா ஜாலோவின் வயலை மைத்துனன் பிடுங்கியதற்கு
எங்கள் நீதிமன்றம் ஒன்பது வருடம் வாய்தா தந்தது.
அவர்கள்
ஒரு கோலாக்கொட்டை மெல்லும் நேரத்தில்
வயலைத் தந்தார்கள்.
அடுத்த வியாழன், அதே மரத்தடியில்,
சிகரெட் பிடித்த அவள் மகனுக்கு நாற்பது கசையடி.
எண்ணிக்கை தவறவில்லை.
வயல் கொடுத்த கையைப் பற்றி
யாரிடம் போய் முறையிடுவாள்?
என்னிடம் வந்தாள்.
"வயலுக்கு ஒரு தாள் எழுது.
அவர்கள் பேச்சைக் காற்று கொண்டுபோகும்,
உன் தாளைக் கரையான் தின்னும்.
இரண்டும் இருக்கட்டும்."

நேற்றிரவு வண்டிச் சத்தம்.
நாய் குரைக்கவில்லை.
அதனால்தான் பயந்தேன்.

பெல்கோ.
பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தவன்.
அதே பள்ளியில்
எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தவன்.
செருப்பைக் கழற்றுவதுபோல்
துப்பாக்கியை வாசலில் சாய்த்தான்.
பின்னால் மனைவி,
அவள் முதுகில் துணியால் கட்டிய குழந்தை,
உதடு நீலம்.
இதயத்தில் ஓட்டையாம்.
சான்றிதழ் இல்லாமல்
தலைநகர் மருத்துவமனை பெயர் எழுதாதாம்.

சாக்கை நகர்த்தினேன்.
விளக்கை அவன் பிடித்தான்.

பெயர்?
நெனே.
பிறந்த இடம்?
"புதர்க்காடு," என்றாள் அவள்,
"தலைக்குமேல் ஹெலிகாப்டர் சுற்றிய ராத்திரி."
மாவட்டத் தலைமையகம் என்று எழுதினேன்.

தந்தையின் தொழில்?

விளக்கு கொஞ்சம் ஆடியது.
அந்தக் கட்டம் சிறியது.
நான்கு சொல்லுக்கு மேல் கொள்ளாது.
தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
அங்கே எழுதியிருப்பதுபோல்.
"மாடு மேய்ப்பவன்."
மாடுகள்?
"பாதி பஞ்சத்தில். பாதி சாவடிக்காரர்கள்."
அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.
நானாகக் கேட்டதுதான்.

முத்திரையை இரண்டு தடவை அழுத்தினேன்.
கட்டணம் ஐந்நூறு பிராங்க்.
அரசுக்கு வரி கொடுப்பவன் விரலை வெட்டுவேன் என்று
சந்தையில் கத்தியவன்
சில்லறையாய் எண்ணி வைத்தான்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.
ரசீது கேட்டான்.

கொடுத்தேன்.
இந்த ஆண்டில்
மாவட்டக் கருவூலத்தின் முதல் வரவு அது.

காலையில் சார்ஜன்ட் ஒகோபாரா:
"ராத்திரி யார் வந்தது?"
"ஒரு பிறப்பு."
என் முகத்தைப் பார்த்தான்.
சாக்கைப் பார்த்தான்.
"கருவாடு ரெண்டு எடுத்துக்கட்டுமா?"
நான்கு எடுத்தான்.

ஐந்தாவதை எடுத்திருந்தால்
பதிவேட்டின் அட்டை தெரிந்திருக்கும்.