காந்தல்

வெங்கமேட்டுக் கம்பெனியில
எட்டாம் நம்பர் மேஜை என்னுது.
வெள்ளைக்குள்ள வெள்ளை நட்சத்திரம் வெச்ச போர்வை,
ஒண்ணுக்குப் பன்னெண்டு கட்டம்,
விடியறதுக்குள்ள முந்நூறு கட்டம்
மொடமொடன்னு நிக்கோணும்.

ஸ்டார்ச் பாட்டிலை அமுக்குனா
சோறு வடிச்ச வாசம் வரும்,
அதுமேல ஏதோ ஒரு பூப்பேர்ல
கொஞ்சம் பொய்யும் வரும்.

முதல் கறை பதினோரு மணிக்கு.
டீ நிறத்துல,
பெட்டியோட மூக்கு மாதிரியே கூர்மையா.
"போச்சுடி நூத்தியெம்பது"ன்னா துளசிமணி.
கட்டத்துக்கு எனக்குக் கூலி மூணே கால்.
அப்ப அம்பத்தஞ்சு கட்டமும்
இன்னொண்ணுல ஒரு மூலையும்
சும்மா தேய்க்கோணும் நான்.

சூட்டைக் குறைச்சேன்.
பன்னெண்டரைக்கு ரெண்டாவது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
தோசைக்கல் ஓரத்துல காஞ்ச மாவாட்டம்
அடியில பழைய கஞ்சி.
துளசிமணியோட மாங்காப் பொட்டலத்துல இருந்து
உப்பை எடுத்துக் காகிதத்துல தூவி
மேலே ஓட்டுனேன்.
நறநறன்னு உதிர்ந்துச்சு.
இனி வராதுன்னு நெனச்சேன்.

வந்துச்சு.
மூணாவது, வெளிறலா,
பார்க்கலாமா வேண்டாமாங்கற மாதிரி.

அப்பத்தான் குனிஞ்சு பார்த்தேன்.
கருகறது துணி இல்லை.
உள்ளே எறங்காம மேலேயே நின்ன கஞ்சி.
அடிச்ச கையோட பெட்டியை வெச்சா
துணி குடிக்கறதுக்கு முந்தி
இரும்பு குடிச்சுருது.

அடுத்த கட்டத்துக்கு அடிச்சுட்டுக்
கையைக் கட்டிக்கிட்டு எண்ணுனேன்.
பதினெட்டு, பத்தொம்பது, இருபது.
மினுமினுப்பு அடங்கித் துணி மங்குச்சு.
வெச்சேன். வெள்ளையாவே இருந்துச்சு.

"என்ன அம்மிணி, மேஜை மேல
சாமி ஏதாச்சும் இருக்குதா, கும்புட்டுட்டு நிக்கற?"
குப்புராசு. சூப்பர்வைசர்.

சுவத்துல பென்சிலால பெருக்குனேன்.
இருபது நொடி, முந்நூறு தடவை:
ஒரு மணி நாப்பது நிமிஷம்.
சும்மா நிக்கறதுக்குக் கூலி
எந்த நோட்டுலயும் எழுதலை.

அதனால பத்துக் கட்டத்தை
வரிசையாப் பரப்புனேன், கவுத்துப் போட்டு.
பின்பக்கமாவே அடிச்சுட்டுப் போனேன்.
பத்தாவதுக்கு அடிச்சு முடிக்கையில
முதலாவது குடிச்சு முடிச்சிருந்துச்சு.
திருப்பி, மேலே ஒரு கிழிசல் வேட்டித்துண்டு.
இழுக்கலை. வெச்சு எடுத்தேன், வெச்சு எடுத்தேன்.
இழுத்தா நட்சத்திரத்தோட முனை கோணிக்கும்.

குப்புராசு ரெண்டு தடவை தாண்டிப் போனாரு.
கை ஓயவே இல்லை.
நான் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்னு
அவருக்குத் தெரியலை.

நாலு மணிக்கு முதலுதவிப் பெட்டியைத் தொறந்து
அந்த நுரைக்கிற மருந்தை எடுத்தேன்,
போன ஐப்பசியில என் முழங்கைக்கு ஊத்துனதுபோக மிச்சம்.
பஞ்சுல தொட்டுக் கறை மேல ஒத்துனேன்.
ரெண்டு கறை போச்சு.
முதல் கறை மட்டும் போக மாட்டேன்னுச்சு.

செக்கிங் லைட்டுக்கு அடியில பர்வீன்
ஒவ்வொரு கட்டமாத் தூக்கிப் பார்த்தா.
பிடிச்சுக்கிட்டிருந்த என் கையும்
அதே வெளிச்சத்துல கிடந்துச்சு.
பாஸ், பாஸ், பாஸ்ன்னா,
கட்டங்களை.

சனிக்கிழமை கூலியில
நூத்தியெம்பது போயிருந்துச்சு.
"பணத்தைப் புடிச்சுட்டீங்க,
அப்ப அந்தக் கட்டம் என்னுதுதானுங்களே?"
குப்புராசு பேனாவைக் கீழே வெச்சாரு.
இத்தனை வருஷத்துல யாரும் கேக்கலையாம்.
ஆபீசுக்குள்ள போனாரு, வந்தாரு,
கேட்டுல காட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாரு.

சீட்டை வெச்சுக்கிட்டேன்.
கட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலை.

கிழிசல் வேட்டித்துண்டைத் தூக்கிப் போட்டாச்சு.
இப்ப எட்டாம் நம்பர் மேஜையில
ஒவ்வொரு வெள்ளைக்கு மேலயும் முதல்ல விழறது
அந்தக் காந்தல் நட்சத்திரந்தான்.