பாண் வண்டியின் மெட்டு

மோட்டார் சைக்கிள் உனக்கு.
தையல் மெசின் எனக்கு.
வீட்டுத்திட்ட வீட்டின் பூசாத சுவர்கள்
என் பெயரில் இருந்ததால் எனக்கே.
குழுக்கடனில் மிச்சம் பதினொரு கிழமை,
அதுவும் எனக்கு.
எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தோம்.
பாட்டுகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கரடிப்போக்குச் சந்திக் கடையில்
முந்நூறு ரூபாய்க்கு நீ ஏற்றித் தந்த மெமரி காட்டில்
எழுநூற்றிச் சொச்சம் பாட்டு.
ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் நின்றது:
இது இரணைமடு வான்கதவு திறக்கப் பார்க்கப் போன அன்று,
இது டெங்கு வந்து நீ ஆஸ்பத்திரி வாங்கில் படுத்த இரவு,
இது, பாட்டைக் கூட்டிவிட்டு
வெளியே போய் யாருடனோ நீ கதைத்த ஞாயிறு.

காட்டைக் கழற்றி உப்புப் போத்தலுக்குள் போட்டேன்.
ஈரம் பிடிக்குமென்று
பிறகு எடுத்துத் துடைத்து அரிசி டின்னுக்குள்.
எறியவும் மனமில்லை, கேட்கவும் மனமில்லை.

பாட்டுக்குப் பூட்டில்லை.
விடிய ஐந்தரைக்கு பாக்டரி பஸ்ஸில் வரும்.
பிள்ளையார் கோயில் லவுட்ஸ்பீக்கரில்
சாமிப் பாட்டு முடிந்த கையோடு வரும்.
பக்கத்து வீட்டுப் பெடியனின் போனில்
பாதி அடித்து நிற்கும்,
மற்றப் பாதியை நெஞ்சு தானே பாடி முடிக்கும்.
பரந்தன் தாண்டும்வரை
காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன்.
காதுக்குத்தோ, என்றாள் ஸ்ரெலா.
ஓம் என்றேன்.

வேறென்ன சொல்ல?
இங்கே காணாமற்போனவர்களுக்குப் படம் இருக்கிறது,
தெருவோரம் பந்தல் இருக்கிறது.
நீயோ வவுனியாவில் வாடகை வீட்டில்
உயிரோடு, சுகத்தோடு இருக்கிறாய்.
உனக்காக நான் எந்தப் பந்தலில் போய் இருந்து அழ?

கேட்டால் சிரிப்பாய்,
என்னைப் பிடித்து நிறுத்தியது பாண் வண்டி.
ஆறரைக்குக் கிறவல் தெருவில்
புழுதியை இழுத்துக்கொண்டு வருகிற ஓட்டோ.
சொல்லில்லாத மெட்டு,
எந்த நாட்டிலோ யாரோ எதற்கோ செய்தது,
எங்கள் ஒழுங்கையில் அதற்கு ஒரே அர்த்தம்: சூடான பணிஸ்.
அதில் நீ இல்லை. ஒரு மூலையிலும் இல்லை.
பற்றரி இறங்கின நாட்களில்
அடித்தொண்டைக்குப் போய்
மாடு மாதிரி முனகும், பிறகு எழும்பும்.
கேற்றடியில் நின்று கேட்பேன்.
சில நாள் ஒன்றும் வாங்குவதில்லை.
நெவில் அண்ணையும் ஏனென்று கேட்பதில்லை.
ஒருநாள் மட்டும், மிச்சக் காசு தரும்போது,
தங்கச்சி, இன்னொருக்காச் சுத்தி வரட்டோ, என்றார்.

அழுதது அன்றைக்குத்தான்.
எழுபத்திரண்டாம் நாள்,
கையில் சுடச்சுட ஒரு றாத்தல் பாண்.

ஆடியில் ஒன்பது நாள் வண்டி வரவில்லை.
சோளகக் காற்றில் புழுதி மட்டும் வந்தது.
மெசினில் குனிந்து கொலர் தைக்கையில்
அந்த மெட்டு என் மூக்கால் வந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.
முன்மெசின் பவானந்தி பிடித்துக்கொண்டாள்,
அவளுடையவன் கட்டாருக்குப் போய்ப் பேச்சை விட்டவன்.
பிறகு ஸ்ரெலா. பிறகு பொத்தான் வைக்கிற பிள்ளைகள்.
எட்டாம் லைன் முழுக்கப் பாண் வண்டி ஓடியது.
சுப்பவைசர் வந்து நின்று
என்ன, எல்லாருக்கும் பசிக்குதோ, என்றார்.
ஓம் என்றோம்.

நேற்று பஸ்ஸில் உன் பாட்டு.
நீ சொந்தம் கொண்டாடினது,
ஒன்பது வருசம் நடுவில் விசிலடித்து
எனக்குப் பாடிக் காட்டினது.
பஞ்சை வீட்டில் மறந்து வந்திருந்தேன்.
பல்லவி போனது. கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.
நீ விசிலடிக்கிற இடம் வந்தது.
விசில் இல்லை.
அங்கே ஒரு புல்லாங்குழல் இருந்தது.
இவ்வளவு காலமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது,
மெல்லிசாய், வெட்கப்பட்டு,
உன் விசிலுக்குக் கீழே மூச்சுப் பிடித்துக்கொண்டு.

எழும்பி, ஆடி ஆடி, முன்னுக்குப் போனேன்.
அண்ணை, கொஞ்சம் கூட்டிவிடுங்கோ.