ஆறு விரற்கடை

தன்னைத்தானே அளந்துகொள்ளக் கூடாது
என்று போட்டிருக்கிறதாம் அந்தத் தாளில்.
வேறொருவர்தான் அளக்க வேண்டுமாம்.
அதனால்தான் கூப்பிட்டேன் என்றான் இல்மார்ஸ்.
பதினோரு வருடத்தில்
பண விஷயம் இல்லாத முதல் அழைப்பு.

மார்ச் மாத ரீகா.
படிக்கட்டெல்லாம் பனி சேறாகிக் கிடக்கிறது.
இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்தேன்,
பையில் பிரசவ வார்டின் காகித நாடாவோடு.
பிறந்த தலைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கானது அது.
முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு,
எப்போதாவது முப்பத்தெட்டு.
அதற்கு மேலே இருக்கும் எண்களுக்கு
அங்கே வேலையே இல்லை.

மெல்லிய சட்டை போட்டுக்கொள்.
பையில் இருப்பதையெல்லாம் வெளியே எடு.
இயல்பாக நில்.
இயல்பாக என்றால் எப்படி?
கேட்டவன் இருபத்தாறு வருடம்
டிராமில் உட்கார்ந்தே ஊரைச் சுற்றியவன்.
பாவம், நிற்பதற்கு யோசிக்கத்தான் வேண்டும்.

கழுத்து நாற்பத்திரண்டு.
நாடாவுக்குள் ஒரு விரல் விடச் சொல்கிறது தாள்.
விட்டேன்.
விரலுக்கடியில் நாடி, நிமிடத்துக்கு எண்பத்தெட்டு.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

தோள் நாற்பத்தேழு. இடது பக்கம் கொஞ்சம் சரிவு.
வேகக் கைப்பிடி இடது கையில்தானே,
வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மார்புக்கு வந்தபோதுதான் சிக்கல்.
நாடா ஒரு மீட்டர். இவன் அதற்கு மேல்.
இரண்டு கைகளையும் அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்
நாடாவை முன்னால் இழுத்துவர வேண்டியிருந்தது.
சோப்பை மாற்றியிருக்கிறான்.
முனைகள் சந்திக்கவில்லை.
நடுவிலிருந்த வெற்றிடத்தை விரல்களால் அடைத்தேன்:
ஆறு விரற்கடை.
அதற்கு எத்தனை சென்டிமீட்டர்?
என் விரல் எவ்வளவு தடித்துப்போச்சு என்று எனக்கே தெரியாது,
பன்னிரண்டு என்று எழுதிக்கொள் என்றேன்.

இடுப்பில் முனைகள் அழகாகச் சந்தித்தன.
பார்த்தாயா என்பதுபோல் ஒரு சிரிப்பு.
வயிற்றை விடு, இல்மார்ஸ்.
விட்டுத்தானே இருக்கிறேன்?
நான் பேசாமல் காத்திருந்தேன்.
பிரசவம் பார்ப்பவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.
கடைசியில் மூச்சு விட்டான்;
நாடா மூன்று விரற்கடை விலகியது.

எங்கள் கல்யாணத்துக்கு அவன் போட்டிருந்தது
டிப்போ பாடகர் குழுவின் இரவல் கோட்டு.
நீளமான கையை மடித்துக் குண்டூசி குத்தியிருந்தார்கள்.
ஆடும்போது ஒரு ஊசி என் மணிக்கட்டில் ஏறியது.
அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை.
இன்றைக்கும், அவன் கை நீளத்தை எழுதும்போது,
வாய் வரைக்கும் வந்தது.

உள்கால் அளவுக்கு
மேல்முனையை அவனையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.
அவன் கூரையைப் பார்த்தான்.
மண்டியிட்டதில் என் முட்டி சத்தம் போட்டது.
வலது காலுறையில் ஓட்டை.
எழுபத்தொன்பது.

எல்லாம் வெப்பக் கட்டண ரசீதின் பின்பக்கத்தில்.
நிறுத்தங்களை அறிவிக்கும் குரலில்
ஒவ்வொன்றாக வாசித்தான்.
கீழே ஒரு கேள்வி மிச்சமிருந்தது:
ஒட்டினாற்போலவா, அளவாகவா, தளர்வாகவா?
என்னைப் பார்த்தான்.
போடப்போகிறவன் நீ என்றேன்.
அக்னேஸுக்குப் பக்கத்தில் நடக்கப்போகிறவனும் நீதான்;
நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.
கையைத் தூக்கிப் பார்,
தூக்க முடிகிறதா என்று மட்டும் பார்.

தேநீர் வேண்டுமா என்றான். டிராம் போய்விடும் என்றேன்.
எந்த எண் டிராம் என்று கேட்டுவிட்டு
இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது என்றான்.

அன்றிரவு முதலில் பிறந்தது பையன்.
தலை முப்பத்தைந்து.
புது நாடாவில் மீதி அறுபத்தைந்து
தொட்டில் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.