செக்கரியாவின் வாய்

முதல் வாரத்து ஊதா மெழுகுவர்த்தி
புதன்கிழமையே தீர்ந்துபோயிற்று.
நாலு மணிக்குப் போன மின்சாரம் வரவில்லை,
மகளுக்கு மறுநாள் பின்னக் கணக்கில் தேர்வு.
மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் தெரிய
ஆண்டவரின் வருகையில் நாலு அங்குலம் எரித்தோம்.
பரவாயில்லை என்றார் சாமியார்.
அவர் அறையிலும் இருட்டு.

ரங்கூன், நாற்பத்தொன்பதாம் தெரு, மூன்றாம் மாடி.
பாடகர் குழு என்று சொல்ல
இப்போது ஏழு பேர்.
முன்பு பதினாறு.
ஒருத்தி தாய்லாந்தில் இறால் உரிக்கிறாள்.
ஒருவன் எங்கே என்று
அவன் அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை.
அவன் நாற்காலியில்
சோற்றுக் கேரியரை வைத்துவிடுகிறோம்,
காலியாகத் தெரியாதிருக்க.

வார்டு அலுவலகத்து ஜன்னல் எதிர்வரிசையில்.
அதனால் வாயை மூடிக்கொண்டு பாடுகிறோம்.
ம் ம் ம்.
தமிழ் இல்லை, பர்மியம் இல்லை,
பெத்லகேமும் மாட்டுக்கொட்டிலும் இல்லை.
இன்னாசியின் மூக்கு வழியே
பழைய ஃபேன் சுற்றுகிற மாதிரிக் கீழ்ச்சுருதி.
ரூபாவதி மேலே.
நடுவில் நான்:
பகலெல்லாம் மருந்துக்கடையில்
வராத மாத்திரைகளுக்கு
இல்லை, இல்லை என்று சொல்லித் தேய்ந்த தொண்டை.

இந்த ஆண்டு தியானத்தில்
மரியா வரவில்லை, இடையர்கள் வரவில்லை.
செக்கரியா வந்து உட்கார்ந்துகொண்டார்.
தூபம் காட்டப் போன இடத்தில்
நம்பாமல் கேள்வி கேட்டு
வாய் அடைபட்டுத் திரும்பியவர்.
மனைவியின் வயிறு வளர வளரப் பார்த்தபடி
கால் வீங்குகிறதா, தண்ணீர் வேண்டுமா,
இதைக்கூடக் கையால் கேட்டவர்.

தண்டனை என்றுதான் சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள்.
நானும் அப்படியே விட்டிருந்தேன்.
பெயர் வைக்கிற நாளில்
பலகை வாங்கி யோவான் என்று எழுதியதும்
பாட்டாகவே கொட்டினாரே,
அது அன்றைக்கா உண்டாயிருக்கும்?
அத்தனை மாதமும்
பல்லுக்குப் பின்னால்
என்னதான் செய்துகொண்டிருந்தார் அந்த மனிதர்?

மூன்றாவது ஞாயிறு.
ரோஜா நிறம் எங்கும் கிடைக்கவில்லை,
சூலே பகோடா ஓரம் வாங்கிய மஞ்சள்தான் எரிந்தது.
இரண்டாம் பல்லவியில் இருந்தோம்.
தெருவில் ஒரு வண்டி நின்றது.
நாங்களும் நின்றோம்.
வண்டி போயிற்று.
நாங்கள் தொடங்கவில்லை.

பிறகு கதவு.
மூன்று தட்டு.
வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பார்க்க வருகிறவர்களும்
இப்படித்தான் தட்டுவார்கள்.
ரூபாவதி சுடரை ஊதினாள்.
இன்னாசி தாளைச் சட்டைக்குள் செருகினார்.
அதில் ஸ்வரங்களைத் தவிர ஒன்றுமில்லை,
ஆனாலும் செருகினார்.
நான் திறந்தேன்.

இரண்டாம் மாடி மா ஸின் மார்.
தனக்கா காய்ந்து வெடித்த கன்னம்.
தோளில் இருபது நாள் பையன்.
அவன் அப்பாவைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை.
விடியலில் புத்தருக்குத் தண்ணீர் வைக்கிறவள்,
எங்கள் பண்டிகை எந்தத் தேதி என்றுகூடத் தெரியாதவள்,
கோபமாகத்தான் கேட்டாள்:
ஏன் நிறுத்தினீர்கள்?
இப்போதுதான் கண்ணை மூடினான்.

தீப்பெட்டி தேடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
எங்கே விட்டோம் என்று யாருக்கும் நினைவில்லை.
இன்னாசி தப்பான சுருதியில் பிடித்தார்.
திருத்தவில்லை, அதிலேயே சேர்ந்துகொண்டோம்.
அவள் கேரியரைத் தரையில் இறக்கிவிட்டு
அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

குழந்தையின் உச்சிக்குழி
எங்கள் தாளத்துக்கு அடங்காமல்
தன் போக்கில் துடித்துக்கொண்டிருந்தது.
அந்த அறையில்
அவன் வாய் மட்டும்
கொஞ்சம் திறந்திருந்தது.