எண்ணுதல்

நிமிடத்துக்கு எழுபத்தியெட்டு.
அப்போது சனுஜாவுக்கு மூன்று மாதம், பதினோரு நாள்.
அப்புத்தளைக் கணவாயில் ஆடிக் காற்று
லயத்துத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த கிழமை.
முதலில் தடிமன் என்றோம்.
பிறகு அவள் பாலை மறந்தாள்.
விலா எலும்புகளுக்கு இடையே தோல்
உள்ளே போய்ப் போய் வந்தது,
யாரோ உள்ளிருந்து சட்டையை இழுப்பதுபோல.

தோட்டத்து லொறியில் பதுளைக்குப் போனோம்.
எந்த வளைவில் அவள் அழுகை நின்றது என்று
இன்றும் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.
பஸ் அந்த இடத்தைத் தாண்டும்வரை
சட்டைப்பையில் சில்லறை தேடுவேன்.

ஆறு நாள் ஒக்சிசன்.
மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்டர்.
"வைரஸ். இதுக்குன்னு மருந்து இல்ல.
மூச்சுக்கு ஒத்தாசை பண்ணிட்டுக் காத்திருக்கணும்."
காத்திருந்தோம்.
ஏழாம் நாள் வயிறு நிறையக் குடித்துத் தூங்கினாள்.
முடிந்தது என்று மாடசாமிக்குச் சேவல் விட்டோம்.

சேவல் போனது. இது போகவில்லை.
அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தடிமனும்
நெஞ்சுக்கு இறங்கும் குறுக்குப்பாதையைத்
தெரிந்து வைத்திருந்தது.
இரண்டு வயதுக்குள் மூன்று தரம் வார்டு.
மழைக்கு முன்னே இருமல் வரும்.
ஓடிப்பிடித்து விளையாடினால்
அவள் சிரிப்பின் கடைசியில் ஒரு விசில்.

எனக்குத் தேயிலை சலிக்கிற அறையில் வேலை.
முடிந்ததும் பீலியில் தலையோடு குளித்து,
ஜூலையோ ஜனவரியோ,
அதன் பிறகுதான் அவளைத் தொடுவேன்.
இந்துமதி அடுப்பை வெளிக்கொட்டிலுக்கு மாற்றினாள்.
சோடாப் போத்தலின் அடியில் ஓட்டை போட்டு
பம்ப்பைச் செருக நேர்ஸ் காட்டித் தந்தார்.
சனுஜா அதற்குக் கண் வரைந்து மீனாக்கினாள்.
தினமும் இரவு எட்டரைக்கு
மீனின் வாயில் வாய் வைத்துப் பத்து மூச்சு.

மாசி மாதக் கிளினிக்கில் புது டொக்டரம்மா.
குழாயில் ஊதச் சொன்னார்.
முள் நூற்றி அறுபதில் நின்றது.
கொப்பியில் மை கரைந்துபோன பக்கத்தை
மனப்பாடமாய் ஒப்பித்தேன்:
எழுபத்தியெட்டு, ஆறு நாள், மூக்கில் குழாய்.
அப்புறம், எட்டு வருடம் கேட்காததைக் கேட்டேன்.
அன்னைக்கு லொறி கொஞ்சம் முந்திக் கிடைச்சிருந்தா?

அவர் பேனையை மூடினார்.
"அந்த வைரஸ்தான் நெஞ்சை இப்படி ஆக்கிச்சா,
பொறக்கும்போதே குழாய்ங்க ஒடுக்கமா இருந்ததால
வைரஸ் அவ்வளவு முறுக்கிச்சா,
எங்களுக்கும் சரியாத் தெரியாதுங்க.
லொறி காரணமில்ல. அது மட்டும் தெரியும்."

அது மட்டும்.
அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
வளைவு எப்போது போனதென்று தெரியவில்லை.
சனுஜா ஜன்னலோரம் வடை தின்றுகொண்டு
எதிரே வந்த லொறிகளுக்குக் கை காட்டினாள்.

போன வெள்ளி பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி.
நூறு மீட்டரில் ஐந்தாவது.
ஓடியது ஆறு பேர்.
ஆறாவது பிள்ளை விழுந்துவிட்டாள் என்பதை
அவள் லயத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

இரவில் இன்னும் எண்ணுகிறேன்.
போர்வை உயர்கிறது, தாழ்கிறது.
இருபத்தொன்று. சில நாள் இருபத்துநாலு.
நேற்று பதினான்கு வரை வந்து
நான் தூங்கிப்போனேன்.
விடிந்து எழும்பிப் பார்த்தால்
மீனைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு
பள்ளிக்கூடம் போயிருந்தாள்.