இரண்டு கொருனா பாக்கி

ஸ்னினாவிலிருந்து எல்லைக்காடு வரை
நாற்பத்தொரு நிமிடம்.
பனி விழுந்தால் ஒரு மணி நேரம்.
முப்பத்திரண்டு வருடம் ஓட்டினேன்.
ஓய்வு பெற்ற பிறகும் தேடி வருகிறார்கள்,
என்னை அல்ல,
டாரினாவைக் கடைசியாகப் பார்த்த கண்களை.

ப்ராகிலிருந்து வந்தார்கள், வியன்னாவிலிருந்து வந்தார்கள்,
ஒருமுறை லிஸ்பனிலிருந்து ஒரு ஜோடி;
தேனிலவாம்.
ஒலிப்பதிவுக் கருவியைச்
சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைப்பார்கள்.
“பச்சை மேலங்கிதானே?”
ஆமாம்.
“இல்லையே, வாக்குமூலத்தில் பழுப்பு என்கிறீர்கள்,
பக்கம் பதினேழு.”
சரி, பழுப்பு.
என் ஞாபகம் இப்போது அவர்களிடம் இருக்கிறது.
வேண்டுமென்றால் நான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

1997 நவம்பர், வியாழன்.
கடைசி நிறுத்தத்துக்கு ஒன்று முன்னால்,
மரம் வெட்டுகிறவர்களின் கொட்டகையருகே இறங்கினாள்.
பையில் என்ன இருந்தது என்று ஊர் உலகமே சொல்லும்:
கம்பளி நூல் இரண்டு உருண்டை, இருமல் மருந்து,
பாதி கடித்த ஆப்பிள்.
ஆப்பிளை நான் சொல்லவில்லை.
யாரோ எழுதினார்கள், நின்றுவிட்டது.
இப்போது அந்த நிறுத்தத்தில்
ஆப்பிள் வைத்துவிட்டுப் போகிறார்கள்.
கரடிகளுக்கு நல்ல காலம்.

கரடிதான் என்பது ஒரு கட்சி.
எல்லை தாண்டிவிட்டாள் என்பது இன்னொன்று;
போலந்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள் என்பவர்கள்
ரொட்டியின் விலையையும் சொல்கிறார்கள்.
மூன்றாம் கட்சி என்னையே பார்க்கும்.
காபியை வாங்கிக் குடிக்காமல் வைத்திருக்கும்.
அவர்களுக்கும் கசகசா ரொட்டிச்சுருள் வெட்டி வைப்பாள் என் மனைவி,
சற்றுப் பெரிய கத்தியால்.

திட்ட மனம் வரவில்லை.
நானும்தான் படிக்கிறேன்.
மொராவியாவில் ஒரு பல் மருத்துவர்:
கார்க் கதவு திறந்து கிடக்க, வானொலி பாடிக்கொண்டிருக்க,
ஆள் மட்டும் இல்லை.
இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து
அந்தக் காரின் பெட்ரோலைக் கணக்குப் போட்டிருக்கிறேன்.
அவர் வீட்டுக்கு ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை.

பழைய பேருந்தை உடைக்க விற்றபோது
ஏழாம் இருக்கையை மட்டும் ஒருவன் வாங்கிப்போனான்.
அவன் கூடத்தில் அதில் யாரும் உட்காரக்கூடாதாம்.
ஏழு இல்லை, ஒன்பது.
நான் சொல்லவில்லை.

அவளுடைய அம்மா பராஸ்கா
வியாழன்தோறும் என் வண்டியில் வருவார்.
எனக்குப் பின்னால் முதல் இருக்கை.
ஒன்றும் கேட்டதில்லை.
முழங்கால் எப்படி என்பார்,
பன்றிக்கொழுப்பு தடவச் சொல்வார்.
அந்த நிறுத்தம் வரும்போது
கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டுவார்.
அவ்வளவுதான்.
ஏற ஆளில்லாவிட்டாலும் நிறுத்திக் கதவைத் திறப்பேன்.
குளிர் ஏறும்.
மூடுவேன்.
கால அட்டவணையில் அந்த அரை நிமிடத்துக்கு இடமில்லை;
இறக்கத்தில் சரிக்கட்டிவிடுவேன்.

ஒன்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
டிக்கெட்டுக்கு அவளிடம் இரண்டு கொருனா குறைந்தது.
பையெல்லாம் துழாவினாள், காது சிவந்துபோனது.
திரும்பி வரும்போது கொடு என்றேன்.
போலீஸ் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
கணக்கில் குறைந்த காசுக்கு வேலை போய்விடுமோ என்று
அன்றைக்கு ஒரு பயம்.
அப்படிப்பட்ட பயம்.

பிறகு கொருனாவே போயிற்று. யூரோ வந்தது.
நாணயம் மாற்றக் கடைசித் தேதி என்று
வங்கிக் கதவில் தாள் ஒட்டினார்கள்.
அதுவும் தாண்டிப் பல வருடம்.
செல்லாக்காசாகவே இருக்கட்டும்,
வாங்கிக்கொள்வேன்.

நாளை ப்ர்னோவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள்.
பச்சையா பழுப்பா என்று
இப்போதே பார்த்து வைக்க வேண்டும்.