மூன்று விரற்கடை

கொப்பியின் பதினெட்டாம் பக்கத்தில்
கார்மேகன் கண்ணை மூடுகிறான்.
தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே
உறங்கும் உள்ளனலை எழுப்புகிறான்.
அது முதுகெலும்பில் ஏறி, தோளில் கிளைபிரிந்து
உள்ளங்கை வழியே வெளியேறுகிறது.
பத்தடி தள்ளி நின்ற பனை
சரிகிறது.

எழுதியவன் நான்.
எழுதும்போதும் எனக்குத் தொய்வு.
பனை விழுந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே
சுவரைப் பிடித்து எழும்பி நின்று
மூச்சைத் தேடியிருக்கிறேன்,
இருட்டில் விழுந்த சில்லறையைத் தேடுவதுபோல.

ஆனைக்கோட்டையில் அந்தக் கொப்பியை
ஏழு பேர் வாசித்தார்கள்.
ஆறு பேர் "அடுத்தது எப்ப?" என்றார்கள்.
தவமலர் மட்டும்
கராத்தே வகுப்பால் வந்த வியர்வையோடு,
மண்ணிறப் பட்டியை அவிழ்க்காமல் கேட்டாள்:
"பனை விழட்டும்.
அவன்ர குதிக்கால் எங்கை நிக்குது?"

எனக்குத் தெரியவில்லை.
கார்மேகனுக்குக் கால் இருப்பதையே
நான் எழுதியிருக்கவில்லை.

மின்சாரம் இல்லாத ஐந்தாம் வருடம் அது.
ஜாம் போத்தலில் பஞ்சு,
பஞ்சில் நாலு சொட்டு மண்ணெண்ணெய்.
திரியை வெளியே இழுத்துவிட்டு
எதிரே நின்றாள். இடது கால் முன்னால்.
சுடருக்கு ஒரு சாண் இப்பால்
அவள் முஷ்டி வந்து நின்றது.
சுடர் கொஞ்சம் குனிந்தது, நிமிர்ந்தது,
எங்களைப் பார்த்தது.
மறுபடி.
மறுபடி.
முப்பத்தேழாம் தரமோ என்னவோ,
இருட்டு.

"உள்ளனலா?" என்றேன்.
"காத்து" என்றாள். "கைக்கு முன்னாலை போற காத்து.
வேறையொண்டுமில்லை."
சொன்ன குரல் நடுங்கியது.
அவளுக்கும் கொஞ்சம் பயமாய் இருந்திருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா:
"நெருப்புக்குச்சி ஒண்டு என்ன விலை எண்டு தெரியுமே உங்களுக்கு?"
பெட்டியில் மிச்சம் ஒன்பது.
சுடரை அணைத்த வீரன்
திரும்ப அதை எதனால் ஏற்றினான் என்று
எந்தக் கதையிலும் நான் வாசித்ததில்லை.
அன்றிரவு கார்மேகனுக்குக் கால் எழுதினேன்.
இடது குதிக்காலில் பித்தவெடிப்பும்.

தவமலர் இப்போது வடநோர்வேயில்,
மீன் ஆலையில், எட்டு மணிநேரம்
நின்றபடி வேலை.
கறுப்புப் பட்டி பெட்டிக்குள் இருக்கிறதாம்.
போனில் சொல்வாள்: "குதிக்கால்தான் நோகுது."

எனக்கு மாதத்தில் ஒரு செவ்வாய்
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி கிளினிக்.
வெள்ளைக் குழாயை வாயில் தந்து
"ஊதுங்கோ, உள்ளுக்கை இருக்கிற முழுவதையும்" என்கிறாள் தாதி.
ஊதுகிறேன்.
சிவப்பு முள் நூற்றெண்பதில் நிற்கிறது.
"இன்னொருக்கா."
நூற்றெழுபது.
இருபத்திரண்டு கொப்பி நிறைய
மலையையும் கடலையும் ஊதித் தள்ளியவனுக்கு
ஒரு பிளாஸ்டிக் முள்ளை நகர்த்த முடியவில்லை.
பக்கத்துக் கதிரைச் சிறுவன் வேறு
வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

செருப்பைக் கழற்றினேன்.
சீமெந்துத் தரை குளிர்ந்தது.
குதிக்கால் எங்கே நிற்கிறதென்று குனிந்து பார்த்தேன்.
முப்பது வருடத்துக்கு முந்திய கேள்வி,
இன்னும் விடை தெரியாது.
பிறகு ஊதினேன்.

நூற்றுத் தொண்ணூறு.
"கை ஆடினதோ தெரியாது" என்றபடி
தாதி அதையும் அட்டையில் எழுதுகிறாள்.